நல்ல தண்ணீரில் ஊறும் குண்டுகள்

ஜெல் துப்பாக்கி ஆட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. குண்டு பட்டதற்கு அடையாளம் தங்காது. பட்டாணி அளவுக்கு ஊறிய ஜெல்லி உருண்டை சட்டையில் மோதி உடையும், கொஞ்சம் ஈரம் தெரியும், காரைக்கால் வெயிலில் அதுவும் சீக்கிரமே காய்ந்துவிடும். அதனால் குண்டு பட்டவனே கையைத் தூக்கி 'அவுட்' என்று சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். அவன் சொல்லாவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

நாங்கள் நான்கு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் பெஞ்சைத் தேய்த்தவர்கள். ஒருவன் பூவத்துக்காரன், துபாய்க்குப் போய் அங்கே ஒரு பராமரிப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். இன்னொருவன் காரைக்கால் டவுனில் அவன் வாப்பாவின் அத்தர்க் கடையைப் பார்த்துக்கொள்கிறான். மூன்றாமவன் கோட்டுச்சேரியில் என் எதிர்வீடு. அவனும் நானும் ஒன்றாக டிப்ளமோ முடித்தோம், ஒன்றாகவே புதுச்சேரி அரசு வேலைக்குப் பரீட்சை எழுதி எழுதிக் கை ஓய்ந்தோம். அவன் ஒரு ஏசி மெக்கானிக்கிடம் எடுபிடியாகப் போனான். நான் துறைமுகம் பக்கம் ஒரு குடோனில் ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தேன். ஒப்பந்தம் என்றால், மேனேஜர் காலையில் என் முகத்தைப் பார்த்து எரிச்சல் பட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாம் என்று அர்த்தம்.

போன வருஷம் துபாய்க்காரன் லீவில் வந்ததும் எங்களை டீக்கடைக்குக் கூப்பிட்டான். கிளாஸைக் கையில் வாங்கும்போதே சொல்லிவிட்டான்.

"எங்க கம்பெனியில ஒரு ஆளு கேக்குறாங்கடா. டிப்ளமோ இருந்தா போதும், முப்பதுக்குள்ள இருக்கணும். ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்தன இழுத்துக்கிட்டுப் போயிடலாம்னு பாக்குறேன்."

எனக்கு முப்பது முடியச் சில மாதங்களே இருந்தன. எதிர்வீட்டுக்காரன் என்னைவிட ஒரு வயதுக்குமேல் இளையவன், அவனுக்கு இன்னொரு வாய்ப்பு வரும். எனக்கு இதை விட்டால் குடோன்தான். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். டீ ஆறிப் போகும்வரை கையில் வைத்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்த லீவில்தான் துப்பாக்கிகள் வந்தன. துபாய்க்காரன் ஆன்லைனில் வாங்கினான். பார்சல் என் வீட்டு விலாசத்துக்கு வந்தது, ஏனென்றால் பகலில் வீட்டில் ஆள் இருப்பது என் வீட்டில்தானாம். ஆரஞ்சும் நீலமுமாக எட்டுத் துப்பாக்கி, கண்ணுக்குப் போட மூக்குக் கண்ணாடி, பாக்கெட் பாக்கெட்டாகக் கடுகு மாதிரி குண்டுகள். அந்தக் கடுகைத் தண்ணீரில் போட்டு மூன்று நான்கு மணி நேரம் வைத்தால் பட்டாணியாக ஊதும்.

ஆட்டம் நடந்த இடம் மண்டபத்தூரில் அவன் கட்டிக்கொண்டிருந்த வீடு. மாடியிலிருந்து கடல் தெரிய வேண்டுமென்று அங்கே மனை வாங்கியிருந்தான். தூண்களும் சுவர்களும் எழும்பி, கதவு ஜன்னல் வைக்காமல் நின்ற வீடு, ஒளிந்து சுட அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. முதல் நாள் அங்கே இருந்த போர்வெல் தண்ணீரிலேயே குண்டுகளை ஊறப் போட்டோம். மதியம் வந்து பார்த்தால் மிளகு அளவுக்குமேல் வரவில்லை. துப்பாக்கியில் போட்டால் எச்சில் துப்புகிற மாதிரி காலடியில் விழுந்தது. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்த அத்தர்க்கடைக்காரன் காறித் துப்பினான். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் போர் போட்டால் உப்புத்தான் வரும். உப்புத் தண்ணீரில் இந்தக் குண்டு ஊறாது.

"ஒங்க வீட்டு அடிபம்புல நல்ல தண்ணிதானடா?" என்று துபாய்க்காரன் என்னைப் பார்த்தான்.

எதிர்வீட்டிலும் அதே தண்ணீர்தான். ஆனால் அவன் என்னைத்தான் பார்த்தான். நானும் பெரிய பதவி கிடைத்தவன் மாதிரி தலையாட்டினேன். அன்றிலிருந்து ஆட்டம் இருக்கிற ஒவ்வொரு நாளும் விடிந்ததும் குண்டுகளை எங்கள் வீட்டுக் குண்டானில் ஊறப் போட்டு, வடிகட்டி, கேனில் அடைத்து, பைக்கின் பின்னால் கட்டி மண்டபத்தூர் போவது என் வேலை ஆயிற்று. அம்மா முதல்முறை குண்டானுக்குள் கைவிட்டுவிட்டு, "ஜவ்வரிசியாடா இது? பாயாசத்துக்கா?" என்று கேட்டாள். துப்பாக்கிக் குண்டு என்றேன். "இருபத்தொம்பது வயசுல இது ஒரு கேடா?" என்றாள். கேடுதான். ஆனால் விசா கொடுப்பவன் விளையாடக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

ஆட்டங்கள் பல வகை. இரண்டு கட்சியாகப் பிரிந்து எதிராளிகள் எல்லாரையும் அவுட் ஆக்குவது ஒன்று. கொடியைத் தூக்கிவருவது ஒன்று, கட்சிக்கொரு துண்டைக் கம்பியில் கட்டி மாடியில் நட்டு வைப்போம். துபாய்க்காரனின் பங்காளிப் பையன்கள் நாலைந்து பேர் ஆள் கணக்குக்கு வந்து சேர்ந்துகொள்வார்கள். பொய் சொல்ல மாட்டேன், முதல் சில நாட்கள் சந்தோஷமாகத்தான் இருந்தது. செங்கல் அடுக்குக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது குடோன் ஞாபகம் வராது. அத்தர்க்கடைக்காரன் ஒளிந்திருந்தால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். அவனை முதலில் சுட்டுவிட்டு எல்லாரும் சிரிப்போம்.

அப்புறம் வி.ஐ.பி. ஆட்டம் வந்தது. ஒரு கட்சி வி.ஐ.பி.யை நடுவில் வைத்துச் சுற்றிலும் காவல் நின்று வாசலிலிருந்து மாடிவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எதிர்க்கட்சி அவரைச் சுட வேண்டும். ஒவ்வொரு தடவையும் வி.ஐ.பி. யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவனுக்கு முன்னால் மார்பைக் காட்டிக்கொண்டு போகிறவன் எதிர்வீட்டுக்காரன். அவனுக்கு வர வேண்டிய குண்டையெல்லாம் பாய்ந்து வாங்குவான், படாத குண்டுக்கும் 'அவுட்' என்று விழுவான். நான் எதிர்க்கட்சியில் இருந்தால் வி.ஐ.பி.யை நேராகச் சுடுவேன். ஆட்டம் என்றால் ஆட்டம்தானே! ஒருநாள் துபாய்க்காரன் முதுகில் என் குண்டு உடைந்தபோது திரும்பி, "என்னடா மச்சான், விசா வேணாமா?" என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

துபாய்க்காரன் கிளம்புவதற்கு முந்தின நாள் கடைசி ஆட்டம். யாருக்கு விசா என்று அதுவரை அவன் வாயைத் திறக்கவில்லை. அன்று துப்பாக்கியில் குண்டு நிரப்பிக்கொண்டே சொன்னான்.

"எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். நான் ஒருத்தன சொன்னா இன்னொருத்தன் மூஞ்சிய தூக்குவான். நீங்க ரெண்டு பேரும் மட்டும் ஆடுங்க. கடைசியா நிக்கிறவன் எங்கூட வரான்."

விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. அத்தர்க்கடைக்காரன் மட்டும் எழுந்து கடல் பக்கம் போய் நின்றுகொண்டான். ஒருவனுடைய பிழைப்பைப் பிளாஸ்டிக் துப்பாக்கியை வைத்துத் தீர்மானிக்கிறார்களே என்று கோபம் வந்தது. அதே சமயம் என்னால் ஜெயிக்க முடியும் என்றும் தோன்றியது, ஏனென்றால் எங்களில் குறி எனக்குத்தான் நன்றாக விழும். அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

எதிர்வீட்டுக்காரன் கீழே, நான் மாடிப்படியில். அவன் தூணுக்குப் பின்னாலிருந்து ஓடியபோது சுட்டேன். கழுத்தில் பட்டது. கழுத்தில் பட்டால் சுரீரென்று இருக்கும், அவன் தோளைக் குறுக்கிக் கையால் தடவினான். ஜெல்லித் துணுக்கு அவன் காலரில் மினுங்கியதை இப்போதும் என்னால் சொல்ல முடியும். நான் துப்பாக்கியைத் தாழ்த்தினேன். அவன் கையைத் தூக்குவான் என்று நின்றேன். அவன் தூக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் நிதானமாக என் மார்பில் சுட்டான்.

துபாய்க்காரன் ஜன்னல் ஓட்டையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "அவன் கழுத்துல பட்டுச்சுடா, நீ பாத்தீல்ல?" என்றேன்.

"நான் போனைப் பாத்துக்கிட்டிருந்தேன். ஒனக்குப் பட்டுச்சா இல்லியா?"

பட்டிருந்தது. சட்டை ஈரமாக இருந்தது. பதினைந்து வருஷச் சிநேகிதர்கள் முன்னால் நின்று, எனக்குப் படவே இல்லை என்று சாதிக்க எனக்கு வாய் வரவில்லை. கையைத் தூக்கினேன். 'அவுட்' என்று சத்தமாகவே சொன்னேன். இப்படி நேர்மையாக ஒப்புக்கொண்டால் அவனும் வெட்கப்பட்டு ஒப்புக்கொள்வான் என்று ஒரு நப்பாசை. அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதுடா. நீயேதான கைய தூக்குன," என்றான் துபாய்க்காரன். அதோடு கேன், துப்பாக்கி எல்லாவற்றையும் என் பைக்கில் ஏற்றினார்கள். அவன் இல்லாதபோது துப்பாக்கிகள் என் வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு.

பத்துப் பதினைந்து நாளில் எதிர்வீட்டில் பெட்டி கட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் வழியனுப்பப் போனேன், அத்தை கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். அவன் அம்மாவை நான் சின்ன வயதிலிருந்தே அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவள் என் கையில் லட்டைத் திணித்தாள்.

"இவ்ளோ சீக்கிரம் விசா வந்துடுச்சே அத்தை," என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"எங்கப்பா சீக்கிரம்? ஏஜென்ட்டு பாஸ்போர்ட்ட வாங்கிக்கிட்டுப் போயி ரெண்டு மாசம் ஆவுது. மெட்ராஸுக்கு மெடிக்கலுக்குப் போயிட்டு வந்தானே, அப்பவே முடிஞ்சுபோச்சு. நீதான் கூடவே சுத்துன, ஒனக்குத் தெரியாதா?"

மெட்ராஸுக்குப் போனது எனக்குத் தெரியும். சித்தப்பா மகள் கல்யாணம் என்று சொல்லியிருந்தான். துபாய்க்காரன் லீவில் வருவதற்கு முன்பே போய்வந்துவிட்டான். டீக்கடையில் 'ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்தன்' என்று துபாய்க்காரன் சொன்னபோதே எல்லாம் முடிந்திருந்தது. லட்டு வாயில் இருந்தது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அத்தை பாவம், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நேராக அத்தர்க் கடைக்குப் போனேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

"ஒனக்கும் தெரியுமாடா?"

"தெரியும் மாப்ள."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் பாத்தேன். துபாய்க்காரன்தான் வேணாம்ட்டான். சொன்னா ஒனக்கு மனசு விட்டுப்போவும், நீ ஆட்டத்துக்கு வர மாட்டேன்னான்." கண்ணாடிப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான். "நீ வரலேன்னா தண்ணி யாருடா கொண்டு வருவா?"

அவன் என்னைக் கிண்டல் செய்வதற்காகச் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே சொன்னான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என்னை ஏமாற்றியதற்குக்கூட ஒரு பெரிய காரணம் இல்லை. ஒரு லீவு முழுக்க அவர்கள் சுட்டு விளையாட நல்ல தண்ணீர் வேண்டியிருந்தது. கடைசியில் அந்த ஆட்டமும் எதற்கு? நாளைக்கு யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது, நானே கையைத் தூக்கியதாக இருக்க வேண்டும். கெட்டிக்காரன்தான். சும்மாவா அவனைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள்!

இந்த ஒரு வருஷமும் நான் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் அடுத்த லீவில் வருவான், போன் செய்வான், தண்ணீர் கேட்பான். அப்போது, "ஒன் கடலு தெரியிற வீட்டுல போர் இருக்குல்ல, அதுலயே ஊறப் போட்டுக்கடா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும். குடோனில் மூட்டை எண்ணும்போதும், வண்டி ஓட்டும்போதும் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒருமுறை அம்மா காதில் விழுந்து, "யார்கிட்டடா பேசுற?" என்று கேட்டாள். எனக்கு முப்பதும் முடிந்துபோனது. அன்றைக்கு அம்மா கேசரி கிண்டினாள், நான் சாப்பிடவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவன் வந்து இறங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. அடிபம்புக்குப் பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பெயரைப் பார்த்ததும் வாயைக் கொப்புளித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தேன். பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"மச்சான், எப்படிடா இருக்கே? வீடு முடிஞ்சுபோச்சு, வந்து பாரு. இன்னக்கி சாயங்காலம் ஆட்டம் வச்சிருக்கோம்," என்றான். நான் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தேன். "என்னடா, கோவமா? இந்தா பாரு, வேற ஒரு கம்பெனியில ஆளு எடுக்குறாங்க. அங்க முப்பத்தஞ்சு வரைக்கும் பரவாயில்லயாம். ஒன்னத்தான் நெனச்சேன். வா, பேசிக்கலாம்."

பொய் என்று எனக்குத் தெரியும். அவன் குரலிலேயே தெரிந்தது. முற்றத்தில் அம்மா அந்தக் குண்டானைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஒரு வருஷம் பாடம் பண்ணின பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"எத்தன பேருடா?" என்று கேட்டேன். "எத்தன பாக்கெட் ஊறப் போடணும்?"