கீறல் பிறை

கமரா வாங்க நினைக்கிறவர்களுக்கு முதலில் பறிபோவது நித்திரை. கொஞ்ச நாளாக எனக்கும் அதே கதிதான். இருக்கிற கமராவை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதா, அதற்கே நல்ல லென்ஸ் ஒன்றைச் சேர்ப்பதா, அல்லது படங்களைத் திறந்தாலே மூச்சுவாங்குகிற மடிக்கணினியை முதலில் மாற்றுவதா என்று கண்டதையெல்லாம் வாசித்துக் குழம்பிப்போயிருக்கிறேன். நான் படம் எடுக்கிற நேரத்தைவிட கமராவைப் பற்றி வாசிக்கிற நேரம்தான் கூட என்று வீட்டுக்காரர் சொல்கிறார். 

போன கிழமை கல்முனையில் ஒரு கடையில் பாவித்த கமரா ஒன்றைக் காட்டினார்கள். விலை தோதாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். கடைக்காரப் பொடியன் கொஞ்சம் கூச்சத்தோடு, "ஸ்கிரீன்ல சின்னக் கீறல் ஒண்டு இரிக்கி மிஸ். ஆனா அது படத்தில விழாது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஒரு வசனத்தை எங்கள் வீட்டில் எத்தனை தரம் கேட்டு வளர்ந்தவள் நான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அதைச் சொன்னவர் என் மாமா, உம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவரை மாமாவுக்கு சாய்ந்தமருதில் உம்மாவின் வீட்டில் ஒரு அறை இருந்தது. கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் பறவைக் கிறுக்கு. கிட்டங்கிப் பாலத்தில் நின்று நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி என்று கண் பூக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்ததைப் படமாக எடுக்க ஒரு கமரா வேண்டும் என்று அவருக்குத் தோன்றிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகக் கஞ்சி குடிக்கவில்லை.

மெகாபிக்சல் கூடினதா நல்லது, ஸூம் கூடினதா நல்லது என்று கலியாண வீட்டுப் படக்காரரிடம் கேட்டார், பார்மசிக்காரரிடம் கேட்டார், ஆட்டோக்காரரிடமும் கேட்டார். இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து வாசித்தவற்றை எல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது எங்களுக்கு ஓதினார். கடைசியில் இரண்டு கமராக்கள் எஞ்சின. ஒன்று புத்தம்புதியது, ஆனால் தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவராது. மற்றது யாரோ பாவித்தது, மூக்கு நீண்டுகொண்டே போகும். பாலத்தில் நின்றால் சவளக்கடைப் பக்கத்து வயலில் நிற்கிற கொக்கின் கண் தெரியும். அதன் பின்பக்கத்துக் கண்ணாடியில் மட்டும், பழைய சொந்தக்காரரின் மோதிரமோ சாவியோ பட்டு, நகத்தை வெட்டிப் போட்டதுபோல ஒரு வளைந்த கீறல்.

உம்மா அதைத் தூக்கிப் பார்த்த பார்வையிலேயே தன் முடிவைச் சொல்லிவிட்டார். "கீறல் வுழுந்த சாமானையா தம்பி காசு குடுத்து வாங்கின?"

"கீறல் ஸ்கிரீன்லதான் ராத்தா இரிக்கி. படத்தில விழாது."

வந்தவர்கள் போனவர்களுக்கெல்லாம் இதுதான் பதில். யாரும் கேட்காதபோதும் அவராகவே சொல்வார்.

கமரா வந்த பிறகு படங்களை எங்கே வைப்பது என்ற அடுத்த பிரச்சினை வந்தது. கழுவிச் சுவரில் மாட்ட முடியாது. உயிர் உள்ளவற்றின் படம் தொங்குகிற வீட்டுக்கு மலக்குமாரான வானவர்கள் வரமாட்டார்கள் என்பதில் உம்மா ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டார். மாமா யோசித்தார். பெட்டிக்குள் இருந்தால் அது சுவரில் இருப்பதாகாது என்று ஒரு சட்டம் கண்டுபிடித்து, மறுபடி பல நாள் ஊரைக் கேட்டு, உள்பாகங்களைக் கொஞ்சம் மலிவாகவும் திரையைப் பெரிதாகவும் தெரிவுசெய்து ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். ஹோலின் மூலையில் அது குந்தியது. கரண்ட் போனால் அதன் யூ.பீ.எஸ் போடுகிற கூச்சலில் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். கொம்பியூட்டரைப் போட்டதும் திரை முழுக்க ஒரு மீன்கொத்தி எங்களை முறைத்துப் பார்க்கும்.

"தொழுற இடத்தப் பாத்துக்கு இரிக்கப்படா. துணியப் போட்டு மூடு" என்று உம்மா தன் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தப் பெட்டியும் முக்காடு போட்டுக்கொண்டது.

அந்த வருடம் நோன்புக்கு வாப்பா வீட்டில் இருந்தார். கட்டாரில் வேலை செய்த வாப்பாவுக்கு லீவு கிடைப்பதே பெரிய பாடு. நோன்பு முழுவதையும் எங்களோடு பிடித்தார். ஆனால் கம்பனி கொடுத்த லீவும் நோன்பும் ஒன்றாக முடிகிற மாதிரி வந்து மாட்டிக்கொண்டது. இருபத்தொன்பதாம் நோன்பு மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். எங்களோடு பெருநாள் கொண்டாடிவிட்டு வாப்பா பின்னேரம் வேனில் ஏறலாம். தெரியாவிட்டால் மறுநாளும் நோன்பு. பெருநாளுக்கு முந்திய மாலையே அவர் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்டுவிட வேண்டும். அவர் ஏற்கெனவே எத்தனையோ பெருநாள்களை அங்கே தனியாகக் கழித்தவர். இந்த ஒன்றாவது கிடைக்க வேண்டும் என்று நானும் என் தம்பியும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருந்தோம். உம்மா வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. பெருநாள் உடுப்புகளை மட்டும் எடுத்து எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் கடலோரத்து ஊர்தான். ஆனால் கடல் கிழக்கே கிடக்கிறது, பிறையோ மேற்கே. அதனால் பிறை பார்க்கிற அன்று மட்டும் ஊரே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயல் பக்கம் போகும். அன்று கிட்டங்கிப் பாலத்தில் நல்ல கூட்டம். மாமா என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, கழுத்தில் கமராவோடு போய் நின்றார். அவரைக் கண்டதும் கூட்டம் வழிவிட்டது. கேலி செய்தவர்கள்கூட அன்று அவரைச் சுற்றித்தான் நின்றார்கள். மாமாவின் முகத்தில் ஒரு பெருமிதம். கமரா வாங்கியதன் பலன் ஊருக்கு விளங்குகிற நாள் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு எல்லோரும் மேற்கே பார்த்தார்கள். வயலுக்கு மேலே சிவப்பும் சாம்பலுமாக மேகம் படர்ந்திருந்தது. மாமா மூக்கை நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். எடுத்ததைத் திரையில் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்த ஒரு மோட்டார் சைக்கிளின் வெளிச்சம் அவர் தோளுக்கு மேலாக விழுந்தது. மங்கலான அந்த வானத்துக்கு நடுவே மெல்லிய வெள்ளிக் கோடாக ஒரு பிறை ஒளிர்ந்தது.

"பிறை! அந்தா தெரியிது, பிறை!" என்று மாமாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஒரு இளைஞர் கத்தினார்.

பிறகு என்ன, தக்பீர் முழங்கியது. பாலத்தின் அந்தப் பக்கத்தில் சீன வெடி வெடித்தது. ஆளாளுக்கு வீட்டுக்கு டெலிபோன் அடித்தார்கள். நான் துள்ளினேன். வாப்பாவுக்குப் பெருநாள் கிடைத்துவிட்டது, அதையும் எங்கள் மாமாவே பிடித்துக்கொடுத்துவிட்டார்!

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த ஹாஜியார் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் திரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். பிறையைக் கண்டதாக, பெருநாளை அறிவிக்கிற கொழும்புக்குச் சொல்ல வேண்டுமென்றால் கண்டவர் சாட்சி சொல்ல வேண்டும்.

"மனே, நீ கண்டியா? சாட்சி சொல்லுவியா?"

மாமா பொத்தானை அமத்தி முந்திய படத்துக்குப் போனார். அங்கேயும் அதே இடத்தில் பிறை இருந்தது. இன்னும் பின்னுக்குப் போனார். காலையில் எடுத்த நீர்க்காகம் ஒன்று வந்தது. அதன் முதுகிலும் பிறை ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாப்பாவின் வேன் எப்போது என்று அவருக்கும் தெரியும்.

"இல்ல ஹாஜியார். இது பிறையில்ல. என்ட கமராட கீறல்."

கூட்டம் எட்டி எட்டி அந்தக் கீறலைப் பார்த்தது. பிறகு யாரோ ஒருவர் தொடங்கிவைக்க, பாலமே குலுங்கிச் சிரித்தது. மாமாவுக்குக் 'கீறல் பிறை' என்ற பட்டப்பெயர் அந்த இடத்திலேயே சூட்டப்பட்டது. இன்றைக்கும் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

திரும்பி வரும்போது செய்தி எங்களை முந்திக்கொண்டு ஊருக்குள் ஓடிவிட்டிருந்தது. சந்திக்குச் சந்தி வெடி. வாழ்த்துச் சொன்னவர்களிடமெல்லாம் மாமா மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "இல்ல, இல்ல, அது பிழை" என்று சொல்லிச் சொல்லி வந்தார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

"படத்தில விழாது எண்டு நீங்கதானே சொன்ன? பேசாம இரிந்திருந்தா ஆருக்கும் தெரிஞ்சிரிக்காதே!"

மாமா அடுத்த சந்தியிலும் நிறுத்தினார்.

வீட்டில் உம்மா வட்டிலப்பத்துக்கு முட்டைகளை உடைத்து ஊற்றிவிட்டிருந்தார். வாப்பா என் புதுச் சட்டைக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் உம்மா கையில் இருந்த முட்டையைக் கவனமாகத் திரும்பவும் கூடைக்குள் வைத்தார்.

"புதுசா ஒண்ட வாங்கச் சொன்னனே. கேட்டியா தம்பி?" அவ்வளவுதான் சொன்னார். கொஞ்சம் கழித்து ரேடியோவும் சொல்லிவிட்டது: நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை, நோன்பு முப்பதாகப் பூர்த்தியாகும். உம்மா குசினிக்குள் அடுப்படியிலேயே இருந்தார். மாமா தன் அறைக்குள்ளேயே இருந்தார்.

வாப்பாதான் அயன் பிடிப்பதை நிறுத்தாமல் குரல் கொடுத்தார். "மச்சான், பிறை வராட்டி என்ன, நாம உடுப்பப் போடுவம். நாளைக்கு எங்கள ஒரு படம் எடுங்க."

"நோன்போட பெருநாள் உடுப்பா? ஊர் சிரிக்கும்" என்றார் உம்மா உள்ளேயிருந்து.

"ஊர் சிரிச்சி முடிஞ்சிது. இனி ஆர் சிரிக்கப் போறாங்க?"

உம்மாவும் சிரித்துவிட்டார். அவர் சிரித்த பிறகுதான் மாமா அறையை விட்டு வெளியே வந்தார்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எல்லோரும் முற்றத்தில் நின்றோம். புதுச் சட்டை, அத்தர், தம்பிக்குத் தொப்பி. பெருநாள் என்றால் வட்டிலப்பம் இருக்க வேண்டும் என்று வாப்பா சொல்ல, உடைத்த முட்டை வீணாகாமல் அவித்துவைத்த வட்டிலப்பத்தைத் தட்டோடு உம்மா கொண்டுவந்தார். படத்தில் நிற்கமாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்தவரை, தட்டைப் பிடிக்க ஆள் இல்லை என்று சாட்டுச் சொல்லித்தான் வாப்பா இழுத்துவந்தார். எங்கள் எல்லோருக்கும் உதடு காய்ந்து கிடந்தது. தம்பி வட்டிலப்பத்தில் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாரும் கமராவப் பாருங்க" என்றார் மாமா. எடுத்தார். திரையைப் பார்த்தார். "மச்சான், நீங்களும்தான்." திரும்ப எடுத்தார். அவர் எத்தனை தரம் சொல்லியும் வாப்பா மட்டும் கமராவைப் பார்க்கவில்லை. அவர் பார்வை உம்மா தட்டைப் பிடித்திருந்த பக்கமாகவே இருந்தது. பெரியவர்களுக்கும் நோன்பில் இவ்வளவு பசிக்குமா என்று நான் ஆச்சரியப்பட்டேன். பாவமாகவும் இருந்தது.

வேன் ஹோர்ன் அடித்தது. வழியில் நோன்பு திறக்க வட்டிலப்பத்தில் பெரிய துண்டு ஒன்றை உம்மா ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். வாப்பா பெருநாள் உடுப்போடேயே ஏறிப்போனார்.

மாமா அந்தப் படத்தைக் கொம்பியூட்டரில் போட்டு, மீன்கொத்தியை எடுத்துவிட்டு இதைத் திரை முழுக்க வைத்தார். உம்மா கோபிக்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் கோபிக்கவில்லை. சேலைத் துணியைக் கொஞ்சம் சரிசெய்து போட்டதோடு சரி. அடுத்த வருடம் மாமா கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போனபோது கமராவை மட்டும் கொண்டுபோனார். கொம்பியூட்டர் வைக்க அங்கே இடமில்லையாம். அது எங்கள் ஹோல் மூலையிலேயே கிடந்தது.

வாப்பா திரும்பி வர இரண்டு வருடமானது. அதுவரை உம்மாவுக்குக் கொம்பியூட்டரைத் துப்புரவாக வைத்திருப்பதில் திடீரென்று அப்படி ஒரு அக்கறை. இரவில் இஷா தொழுதுவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"மகள், அந்தப் பெட்டியப் போட்டுட்டுப் போ. தூசி துடைக்கணும்."

"துடைக்கிறதுக்கு ஏன் உம்மா போடணும்?"

"வெளிச்சத்திலதானே புள்ள தூசி தெரியும்."

அது சரிதான் என்றே எனக்கும் பட்டது. போட்டுக் கொடுத்துவிட்டுப் படிக்கப் போய்விடுவேன். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் உம்மா முக்காட்டு நுனியால் மெல்ல மெல்லத் துடைத்துக்கொண்டிருப்பார். அவ்வளவு பெரிய திரையில், வாப்பா நிற்கிற அந்த ஒரு இடத்தில் மட்டும் நாள் தவறாமல் எப்படித் தூசி படிகிறது என்பது எனக்கு அப்போது விளங்கவே இல்லை.