புழு வீட்டுக்குள் வராத செய்தி

எண்ணெய் காயாமலும் கடுகு வெடிக்காமலும், புளியும் உப்பும் பருப்பும் மட்டுமே கொதித்து அடங்கிய குழம்புக்கு ஒரு தனி வாசனை உண்டு. ஆண்டில் நான்கைந்து தடவை, தடவைக்கு ஏறத்தாழ ஒரு மாதம், எங்கள் அடுப்படியில் அந்த வாசனையே நிலவியது. பட்டுப்புழு வளரும் வீட்டில் மிளகாய் தாளிக்கலாகாது; பீடி புகைக்கலாகாது; பூச்சூடியோ வாசனை எண்ணெய் தடவியோ புழு அறைக்குள் நுழையலாகாது. பக்கத்து வீட்டில் தாமும் புழு வளர்த்த, பீடியில்லாமல் இருக்க முடியாத என் பெரியப்பா சாலை வரை நடந்துபோய்ப் புகைத்துவிட்டு வந்து, "இந்தப் புழுவுக்கு இருக்கற மரியாத இந்த வீட்ல எனக்கு இல்ல" என்பார். "நீயும் நூலு விடு, தர்றேன்" என்று பெரியம்மா உள்ளிருந்தே பதில் சொல்வார்.

ஆனேக்கல்லுக்குத் தெற்கே, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசிய பதினான்கு உழவர் குடும்பங்கள் கொண்ட சிற்றூர் எங்களுடையது. கேழ்வரகும் அவரையும் உண்ணவும், முசுக்கொட்டை இலை புழுவுக்கும் என்று நிலத்தைப் பங்கிட்டு வாழ்ந்தோம். நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் முற்பகுதியில், எனக்குப் பத்து வயது நிரம்பிய குளிர்காலத்தைப் பற்றி.

புழு நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். அதனை எங்கள் ஊரில் "ஜொரம்" என்பார்கள். நான்காவது ஜொரம் தெளிந்து எழும் புழுவுக்கு அதன் பிறகு பசியைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரு வார காலம், நாளுக்கு நான்கு வேளை, தட்டுத் தட்டாக இலை போட வேண்டும். தவறினால் கூடு கட்டாமலே அழுகிவிடும். அந்த ஒரு வாரமும் வாசலில் வேப்பங்கொத்து தொங்கும். வெளியார் உள்ளே வரமாட்டார்கள். சாவு வீட்டுக்குச் சென்றவர் தீட்டுக் கழியும்வரை புழுவைத் தொடலாகாது என்பதோடு, சாவுச் செய்தியே அந்த வாசலைத் தாண்டலாகாது என்பதும் எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. செய்தி கொண்டுவந்தவர் வெளியில் நின்று வீட்டுத் தலைவரை அழைத்துச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். உள்ளே சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அத்தலைவரின் பொறுப்பு.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் நிலை மிகவும் தாழ்ந்திருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வளர்ப்பிலும் நோய் கண்டு புழு மொத்தமும் குப்பைக் குழிக்குப் போயிருந்தது. மூன்றாவதும் போனால் குத்தகைத் தோட்டத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்று உரிமையாளர் சொல்லியனுப்பியிருந்தார். அதனால் அம்மா புழு அறையிலேயே வாழ்ந்தார் என்று சொல்லலாம். ஓசூருக்கு அப்பால் இருந்த அவருடைய தந்தைக்கு உடல் நலிந்திருக்கிறது என்ற செய்தி முன்னரே வந்திருந்தது. "புழு கூடு கட்ட ஏறினதும் ஒரு நட எங்கப்பாவப் பாத்துட்டு வந்துடறேன். அவருக்கு நம்ம ஊர் அவரக்கான்னா உசுரு" என்று இலை நறுக்கியபடியே சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான் பள்ளியிலிருந்து திரும்புகையில், எங்கள் வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மொபெட் நின்றிருந்தது. அம்மாவின் பிறந்த ஊரைச் சேர்ந்த உறவினர் ஒருவர் அப்பாவுடனும் பெரியம்மாவுடனும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"எப்ப எடுக்கறீங்க?" என்று அப்பா கேட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள. பொண்ணு வரட்டும்னுதான் வச்சிருக்கோம். வண்டியிலயே கூட்டினு போயிடறேன், அனுப்புங்க."

பெரியம்மாதான் பேசினார்: "புழு ரெண்டாம் நாள் தீனில நிக்குது. இவ போயிட்டா திரும்பி உள்ள வர முடியாது. இவன் போனாலும் அதே தீட்டுதான். எங்க வீடு, அடுத்த வீடு, எல்லா வீட்லயும் புழு இதே கட்டத்துல இருக்கு. யாரு கை குடுப்பா சொல்லு?"

"அப்ப நான் போயி என்னான்னு சொல்றது?"

அப்பா சொன்னார்: "அவளுக்கு ஒடம்பு முடியலன்னு சொல்லிடு. எழுந்துக்க முடியாம படுத்திருக்கான்னு."

மொபெட் போன பிறகே அவர்கள் என்னைக் கண்டார்கள். அப்பா என் இரு தோள்களையும் பற்றி, "அம்மாகிட்ட வாயத் தொறக்காத. புழு ஏறட்டும், நானே சொல்றேன்" என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன என்பதையும் இங்கே குறிப்பிடுவதே நியாயம்.

ஆறு நாட்கள் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா தட்டை நீட்டுவார். நான் இலை பரப்புவேன். அவர் தம் தந்தையைப் பற்றிப் பேசும்போதெல்லாம், உயிரோடிருப்பவரைப் பற்றிப் பேசுவது போன்ற அந்தக் குரலைக் கேட்க முடியாமல், இலை எடுத்துவரும் சாக்கில் தோட்டத்துக்கு ஓடிவிடுவேன். சோறு இறங்கவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "என்னாடி, நீயும் ஜொரத்துக்கு உக்காந்துட்டியா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முதல் நாளான செவ்வாய்க்கிழமை மாலையிலேயே நிகழ்ந்தது; ஓசூருக்கு அப்பால் அந்நேரம் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அறிந்தவள் நான், அறியாதவர் அவர்.

திங்கட்கிழமை, பழுத்து மஞ்சளாய் மின்னிய புழுக்களைப் பொறுக்கி, கூடு கட்டும் மூங்கில் தட்டிகளான "சந்திரிகை"களில் விட்டு முடித்தோம். ஒன்றுகூட வீணாகவில்லை. அம்மா தலைக்குக் குளித்து, நல்ல புடவை உடுத்தி, பையில் அவரைக்காயை நிரப்பிக்கொண்டு புறப்பட்டு நின்றார். அப்போது அப்பா சொன்னார்.

"என்னைக்கு?" என்று மட்டும் அம்மா கேட்டார்.

"போன செவ்வாக்கெழம."

அம்மா பெரியம்மாவின் பக்கம் திரும்பினார். "அக்கா, ஒனக்கும் தெரியுமா?"

"தெரியும் கண்ணு. புழு அந்த நெலமைல..."

பிறகு அம்மா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்றே எண்ணினேன். "ஓ, அதான் நீ சோறு திங்கலையா" என்றார். அழவும் இல்லை. உடன் வர எழுந்த அப்பாவிடம், "நீங்க வாணாம்" என்று சொல்லிவிட்டு, என்னை மட்டும் அழைத்துக்கொண்டு பேருந்து ஏறினார்.

பிறந்த வீட்டு வாசலில் அவருடைய தம்பி, என் தாய்மாமன், மழித்த தலையுடன் நின்றிருந்தார். அக்காவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "ஒடம்பு தேவலையாக்கா? பொழுது விழற வரைக்கும் வச்சிருந்தோம், எப்பிடியாச்சும் எழுந்து வந்துடுவேன்னு" என்று விம்மினார்.

அப்படியொரு பொய் சொல்லப்பட்டிருப்பது அம்மாவுக்கு அந்தக் கணம் வரை தெரியாது. நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தேவலைடா" என்றார் அம்மா.

அதன் பின்னரே அவர் அழுதார்.

குத்தகைத் தோட்டம் எங்களிடமே நிலைத்தது. அம்மா மேலும் பல ஆண்டுகள் புழு வளர்த்தார். ஆனால் எங்கள் வாசலில் மட்டும் வேப்பங்கொத்து கட்ட அவர் பிறகு இசையவில்லை. "வர்ற சேதி வரட்டும்" என்பார். ஊரார் முணுமுணுத்தனர், புழுவுக்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. அப்பா ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்கத் தெரியாமல், அதன் பிறகு வந்த ஒவ்வொரு அவரைப் பருவத்திலும் முதல் பறிப்பைத் தாமே ஓசூருக்கு அப்பால் மாமா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார்.

இன்று அந்தத் தோட்டம் எண்ணிட்ட கற்கள் நட்ட வீட்டுமனைகளாகிவிட்டது. தட்டுகளும் சந்திரிகைகளும் விறகாயின. பதினான்கு குடும்பங்களில் இரண்டே அங்கு எஞ்சியுள்ளன, அவர்களும் உழுவதில்லை. அப்பா மறைந்தபின் அம்மா தொம்மலூரில் என்னுடன் இருக்கிறார். மாமா வரும்போதெல்லாம், "அன்னைக்கு மட்டும் ஒனக்கு ஒடம்பு நல்லா இருந்திருந்தா அப்பா மொகத்தப் பாத்திருப்பக்கா" என்று வருந்துவார். "என்னா பண்றது, தலையே தூக்க முடியல" என்று சொல்லி, அம்மா அவருக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைப்பார். முப்பது ஆண்டுகள் இப்படியே சென்றன.

சென்ற தை மாதத்தில் மாமாவும் காலமானார். கைப்பேசியில் செய்தி வந்த அந்த நொடியே அம்மாவிடம் சொன்னேன். விடிந்ததும் அங்கு சென்றோம். எடுக்கும்வரை அம்மா தம்பியின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. திரும்பும் பேருந்தில், நான் அவ்வப்போது எதையேனும் எழுதுவதை அறிந்த அவர், ஜன்னல் பக்கம் பார்த்தவாறே சொன்னார்:

"இனிமே மறைக்கறதுக்கு ஆளில்ல. அத எழுதறதுன்னா எழுதிக்கோ. ஆனா உங்கப்பாவ வையாத."