வெயிலுக்குப் போகாத சட்டை

செய்தி வந்தபோது மணி மூன்று. தையல்காரர் ஒரு காலரைத் திருப்பி, அதன் முனையை ஊசியால் நெம்பிக்கொண்டிருந்தார். போனில் பேசியவர் சந்தையில் மஞ்சள் விற்கும் மொத்த வியாபாரி. மூட்டைக்கு விலை பேசிக்கொண்டிருந்த உங்கள் வீட்டம்மா அப்படியே சாய்ந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார். விலை படிந்ததா என்று கேட்டார் தையல்காரர். அதை ஏன் கேட்டோம் என்று பிறகு அவருக்கே விளங்கவில்லை.

அவர் மனைவிக்குத் தெருவில் மஞ்சப்பொடியக்கா என்றுதான் பேர். தையல் கடையை ஒட்டியே அவளுடைய அரவை மில். மிளகாயும் மல்லியும் அரைத்தாலும், பேர் வாங்கித் தந்தது மஞ்சள்தான். கிழங்கை ஒடித்து, ஒடிகிற சத்தத்திலேயே நன்றாகக் காய்ந்ததா என்று சொல்லிவிடுவாள். குழம்புக்கு ஒரு சிட்டிகை, வீக்கத்துக்கு ஒரு பற்று, தொண்டை கட்டினால் சூடான பாலில் கொஞ்சம் என்று பொட்டலம் மடித்தபடியே வைத்தியமும் நடக்கும். அதற்கு மேல் யாராவது கேட்டால், டாக்டரைப் பாருங்கள், நான் மில்லுக்காரி என்று மஞ்சள் கைகள் இரண்டையும் விரித்துவிடுவாள்.

வெள்ளைத் துணிக்கும் மஞ்சள்பொடிக்கும் யார் முடிச்சுப் போட்டார்களோ. கல்யாணமான புதிதில் அவள் கை அவர் சட்டையில் பட்டுவிட்டது. துணியைப் பற்றித் தனக்குத் தெரியாததா என்று சோப்பைப் போட்டுத் தேய்த்தார். கறை செக்கச்செவேலென்று ஆயிற்று. ரத்தமோ என்று பயந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவரைக் கண்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தேய்க்கத் தேய்க்க அது மொறைக்கத்தான் செய்யும். அலசி வெயில்ல போடுங்க, தானா போயிடும்."

அப்படியே போயிற்று. அதற்குப் பிறகு கடை வாசலில் ஒரு கொடி கட்டினார். எத்தனை கறை வந்தாலும் மதிய வெயில் தின்றுவிடும். தப்பித்தவறி ஒரு புள்ளியோடு சட்டை வாங்கிப்போனவர் முகம் சுளித்தால், இந்தக் கடை லேபிள் அது, காசு கிடையாது என்பாள். சுளித்தவரும் சிரித்துக்கொண்டுதான் போவார்.

செய்தி வந்த அன்று காலை அவர் விரலில் கத்திரிக்கோல் பட்டுவிட்டது. மில்லிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துவந்து காயத்தில் வைத்து அழுத்தினாள்.

"இத்தனை வருஷமா வெட்டுறீங்க, துணி எது வெரல் எதுன்னு இன்னும் பிடிபடல."

தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு, மகள் துவைக்கத் துணிகளை எடுத்தாள். அன்று அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் வந்தது. தோளில் நான்கு விரலும் கட்டைவிரலும் அச்சாகப் பதிந்திருந்தன.

"அப்பா, நல்ல வெயில் அடிக்குது. அலசிப் போட்டுடவா?"

"நீ வைம்மா. நான் போட்டுக்கிறேன்."

ஒரு மதிய வெயில் போதும், அத்தனை விரலும் போய்விடும். மகளும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே, சட்டையை மட்டும் மடித்து வைத்துவிட்டு மற்றத் துணிகளை எடுத்துப்போனாள்.

இப்போது மில் மறுபடி ஓடுகிறது. மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். பொட்டலம் மடிக்கையில் அவளும் வைத்தியம் சொல்லத் தொடங்கியிருப்பதைக் கேட்டு, தையல்காரர் தனக்குள் சிரித்துக்கொள்கிறார். விரல் காயம் ஆறிவிட்டது. பாதியில் நின்ற காலரையும் தைத்துக் கொடுத்துவிட்டார். கொடியில் தினமும் வெயில் விழுகிறது. சட்டையை அவர் இன்னும் அலசவில்லை.