துணிக்கொடியில் செய்த மேசை

எங்கள் லயத்துத் துணிக்கொடியைத் திருடித்தான் அந்த ஹோட்டல்காரர் மேசை போட்டிருக்கிறார்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் வாசலில் நின்ற வாகை மரத்தைச் சொல்கிறேன். நமுனுகுல மலை மூட்டத்தில் கொஞ்சமாவது வெயில் விழுகிற இடம் அதுதான். சவர்க்கார வாசத்தோடு ஈரச் சட்டைகள் படபடக்கும்... அந்தச் சத்தத்தில்தான் லீவு நாளில் கண் விழிப்பேன்.

கூரைமேல் சாய்ந்த ஒரே ஒரு கிளையை வெட்டச் சொல்லி வருடக்கணக்காய்த் தோட்டத்து ஆபீஸில் கேட்டோம். ஆள் இல்லை என்றார்கள். பழைய துரை பங்களா ஹோட்டலானது. மேசைக்குப் பலகை வேண்டும் என்றதும் ஆளும் வந்தது, மிஷினும் வந்தது. மரமே போனது.

நான் அப்போது பதுளையில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை. மரத்தின் வளைந்த ஓரம் அப்படியே இருக்க, அந்தப் பலகை எங்களிடமே வந்தது. இழைக்கும்போது 'டங்'... பிளேட் போச்சு.

"எவன்டா மரத்துல ஆணி அடிச்சது?" என்று கத்தினார் பட்டறைக்கார நானா.

"எங்கம்மா, நானா. கொடி கட்ட."

"ஒரு ஹார்ட்வேர் கடையே உள்ளுக்கு இருக்கேடா!"

ஆணி இருந்த இடத்தில் பலகை வெடித்திருந்தது. வெடிப்பு மேலும் ஓடாமல் இருக்க, வண்ணத்துப்பூச்சி மாதிரி இடுப்பு ஒடுங்கிய மூன்று கட்டைகளைக் குறுக்கே பதித்தோம்.

ஹோட்டல்காரர் பார்த்துச் சொக்கிப்போனார்.

"இந்தப் பக்கமும் நாலு போடுங்க."

"அங்க வெடிப்பே இல்லையே, சேர். கிழியாத சட்டைய யாரும் தைப்பாங்களா?" என்றார் நானா.

"டூரிஸ்ட் போட்டோ எடுப்பாங்க."

போட்டோம். பிறகு ஹோட்டல்காரர் ஆணியின் கறுப்புக் கறையைத் தடவி, "இது இயற்கையா வந்த டிசைனா?" என்றார்.

"எங்க துணிக்கொடி, சேர்," என்றேன்.

"அத வெளிய சொல்லிறாதீங்க, தம்பி."

ஹோட்டலில் மேசையை இறக்கிய அன்று, அம்மா ஈரத்துணி வாளியோடு வந்து நின்றார். கறையைக் கண்டதும், "இது என் ஆணி!" என்று ஒரு பாவாடையை உதறி, ஏழு வண்ணத்துப்பூச்சிகள் மேலும் விரிக்கப் போனார். பாய்ந்து பிடித்தேன்.

மரம் நின்ற காலத்தில் என் சட்டையில் வெயில் மணக்கும். இன்று எல்லாம் அடுப்புக்கு மேலே, கருவாட்டுக்குப் பக்கத்தில் காய்கிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்கிறார்: "தம்பிக்கு கருவாட்டுக் கடையிலயா வேல?"

வெடிப்பே இல்லாத இடத்துக்கு நாலு கட்டை கிடைத்தது. எங்கள் வாசலுக்கு இரண்டு கம்பம் கிடைக்கவில்லை.

ஹோட்டல்காரர் கார் லயத்தைத் தாண்டும்போதெல்லாம் அம்மா வாளியோடு ஓடிப்போய் நிற்கிறார். கண்ணாடி மேலே ஏறுகிறது.

"சேர், ரெண்டு கம்பமாவது நட்டுத் தாங்க... துணிய எங்க காயப்போடுறது?"