மூன்று மாதம் மிச்சமிருந்த பாஸ்போர்ட்

இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்தில் ஒரு காலை. ஹைதராபாத் விமான நிலையத்தில், ஆறு வயது நிறையாத என் மகளோடு செக்-இன் வரிசையில் நின்றிருந்தேன். எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. கணவருக்கு ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி வேலை, எனக்கு பேகம்பேட்டில் ஆபீஸ். என் ஒரே அக்காவைக் கட்டிக்கொடுத்தது மலேசியாவில், ஈப்போவில்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. என் மகள் என்றால் உயிர். ஒரு வயதில் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்ததுதான். பிறகு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலோடு சரி. இங்கே வளர்வதால் மகளுக்குத் தமிழ் புரியும், ஆனால் பதில் தெலுங்கில்தான் வரும். பெரியம்மாவை 'பெத்தம்மா' என்பாள். அதைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று சில மாதங்களாகவே தெரியும். இனி சில நாட்கள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அத்தான் போன் செய்தார். அக்காவே போனை வாங்கி, "ஏட்டி, புள்ளைய ஒரு தடவ கூட்டிட்டு வா. தொட்டுப் பாக்கணும் போல இருக்கு" என்றாள்.

விசா வேண்டியதில்லை என்பதால் அன்றே டிக்கெட் போட்டுவிட்டோம். ஆன்லைன் படிவத்தில் இரண்டு பாஸ்போர்ட் விவரங்களையும் நான்தான் நிரப்பினேன். என்னுடையதற்கு இன்னும் ஏழு வருடம் இருந்தது. மகளுடையது ஒரு வயதில் எடுத்தது, குழந்தைகளுக்கு ஐந்தே வருடம்தான் கொடுப்பார்கள். அது முடிய இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. அந்தத் தேதியை என் கையாலேயே தட்டினேன். இன்னும் முடியவில்லையே, போதும் என்று நினைத்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் மகளின் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆறு நெலலு உண்டாலி மேடம்" என்றாள். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டுமாம். மேலதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டாள். எனக்காக அவரிடம் கெஞ்சவே செய்தாள். நானும் அழுது பார்த்தேன். அங்கே இறங்கினாலும் குழந்தையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை.

எங்களை இறக்கிவிட்டு ஆராம்கர் வரை போய்விட்ட கணவரை போனில் பிடித்தேன். "நீ கெளம்பு. புள்ளைய நான் வந்து கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பேரும் நின்னுட்டா அக்காவ யாரு பாக்க?" என்றார். எவ்வளவு ஓடினாலும் புதுப் பாஸ்போர்ட் வரச் சில நாட்களாவது ஆகும். அக்காவிடம் அந்த நாட்கள் இல்லை.

வாசலில் மகளை அவரிடம் ஒப்படைத்தேன். அவள் என் துப்பட்டாவை விடவே இல்லை. "நேனு கூடா வஸ்தா அம்மா, நேனு கூடா வஸ்தா" என்று, தானும் வருவதாக அழுதாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தவள் உடனே எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள்.

"புள்ள எங்கட்டி? கீழ நிக்காளா?"

நடந்ததைச் சொன்னேன். "சரி விடு. நீயாவது வந்தியே" என்றாள். போனில் காட்டலாம் என்று கூப்பிட்டேன். என்மேல் இருந்த கோபத்தில் மகள் போன் பக்கமே வரவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்த அவள் முதுகை மட்டும் கணவர் காட்டினார். அதை அக்கா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் விடிகாலையில் அக்கா போய்விட்டாள். அதற்குப் பிறகும், யார் கதவைத் திறந்து வந்தாலும், அக்கா அன்று எனக்குப் பின்னால் பார்த்த பார்வை நினைவுக்கு வந்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அலுவலகத்தில் யாராவது குழந்தைகளோடு வெளிநாடு கிளம்பினால், முதலில் பிள்ளைகளின் பாஸ்போர்ட் தேதியைப் பாருங்கள் என்கிறேன். 'இவள் எப்போதும் இப்படித்தான்' என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அக்கா நோயில் விழுந்தது தெரிந்த அன்றே அந்தச் சின்னப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அரை நாள் லீவு போட்டுப் புதுப்பித்திருக்கலாமே என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.