அண்ணியின் நேர்த்தியும் ஓர் ஒராங்குட்டானும்

லண்டனில் எல்லாம் கிடைக்கிறது, குரங்கு மட்டும் கிடைக்கவில்லை என்று அண்ணி குறைப்பட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. எங்கள் குட்மேய்ஸ் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய் உண்டு, பனங்கிழங்கு உண்டு, கதலி வாழைப்பழம்கூட வந்து இறங்கும். ஆனால் அண்ணி வைத்திருந்த நேர்த்திக்கடனோ, ஒரு சனிக்கிழமையில் குரங்குக்குத் தன் கையால் பழம் கொடுப்பது. பிள்ளை வேண்டி அனுமாருக்கு வைத்த நேர்த்தி.

அண்ணையும் அண்ணியும் பாரிசில் இருந்தபோதே வைத்தியம் தொடங்கியாயிற்று. லண்டனுக்கு வந்த பிறகும் தொடர்ந்தது. கடைசியில் டொக்டர் இனி உடம்பை வருத்த வேண்டாம் என்றுவிட்டார். பிறகு, தத்தெடுப்பதைப் பற்றிப் பேச உள்ளூராட்சிக் கவுன்சிலில் இருந்து ஒரு பெண் வந்து போனார். அண்ணைக்கு முழுச் சம்மதம். அண்ணி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நேர்த்தி வைத்தார். அனுமாரே கட்டைப் பிரம்மச்சாரி, அவரிடம் போய்ப் பிள்ளை கேட்பதா என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

ஆனாலும் போனில் தேடி இடத்தைக் கண்டுபிடித்தது நான்தான். கடத்தல்காரரிடமிருந்தும் சர்க்கஸ்களிலிருந்தும் மீட்ட விலங்குகளை வைத்துப் பார்க்கும் மறுவாழ்வு மையம். லண்டனிலிருந்து சில மணி நேர ஓட்டம். அங்கே ஒராங்குட்டான்கள் இருந்தன. அதற்கு வால் கிடையாதே, அனுமார் கணக்கில் எடுப்பாரா என்று கேட்டுப் பார்த்தேன்.

"நேர்த்திக்கு வால் வேணுமெண்டு ஆர் சொன்னது?" என்றார் அண்ணி.

அண்ணைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. ஒரு சனிக்கிழமை அவருடைய வேலை வானின் முன் சீட்டில் மூவரும் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். நடுவில் அண்ணி, மடியில் ஒரு சீப்பு கதலி. பின்னால் சீமெந்து வாளிகளுக்கிடையில் புட்டும் சம்பலும். நகரம் முடிந்ததும் பனிப்புகார் இறங்கிவிட்டது. ஹீட்டர் சூட்டில் நான் தூங்குவதும் விழிப்பதுமாக இருந்தேன். விழிக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று புகாருக்குள்ளிருந்து வந்து போனது: ஒரு வேலி, சில ஆடுகள், தனியே நின்ற ஒரு குதிரை. எதுவும் நிலத்தில் நிற்பது போலத் தெரியவில்லை.

உள்ளே போனதும் பராமரிப்பாளர் ஒருவர் அண்ணியின் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். வெளியார் எதுவும் கொடுக்க அனுமதியில்லை. அதிலும் வாழைப்பழத்தில் சீனி அதிகம், இங்கே அவற்றுக்கு லீக்ஸும் குடைமிளகாயும்தான் என்று தன்மையாகச் சொன்னார். அண்ணிக்கு பிரெஞ்சு தெரியும், ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் தமிழில் சொன்னேன். அண்ணி பழத்தைக் கொண்டுபோய் வானுக்குள் வைத்துவிட்டு வந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புல்வெளி, கயிறுகள், மரத்தட்டுகள். மழை தூறத் தொடங்கியது. ஒரு பெரிய பெண் ஒராங்குட்டான் அங்கே கிடந்த சாக்கொன்றை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மெல்ல எங்களை நோக்கி வந்தது. எதிலும் அவசரமில்லை. அது ஒரு கையை எடுத்து மறுபடி வைப்பதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்து போய்விட்டது. கண்ணாடியருகே வந்து உட்கார்ந்து, எங்களைப் பார்த்தபடியே இருந்தது. அதன் செம்பழுப்பு முடிக்குள் ஒரு குட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நித்திரை. மழைச் சத்தம்கூடத் தூரத்தில் கேட்பது போலிருந்தது. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது.

அது பெற்ற குட்டியில்லை என்றார் பராமரிப்பாளர். பெற்ற தாய் வேறொரு இடத்தில் இறந்துபோக, குட்டியை இங்கே கொண்டுவந்தார்களாம். நான் அதையும் தமிழில் சொன்னேன்.

அண்ணி கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "கொண்டுவந்து விட்ட உடனேயே அது தூக்கினதோ எண்டு கேளும்."

இல்லையாம். முதலில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்ததாம். இவர்கள் போத்தல் பால் கொடுத்து, கண்ணில் படும் தூரத்தில் குட்டியை வைத்திருந்தார்களாம். நாட்கள் போயின. ஒரு காலை வந்து பார்த்தால் குட்டி அதன் வயிற்றில் கிடந்ததாம். எப்போது எடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

அண்ணி கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எனக்கு அந்தப் பயம்தான். வேற ஆரோ பெத்த பிள்ளை எண்டதில்லை. வீட்டை கூட்டிக்கொண்டு வந்த பிறகு எனக்குப் பாசம் வராட்டில், அந்தப் பிள்ளை எங்க போகும்?"

தேநீருடன் பின்னால் வந்து நின்ற அண்ணையும் கேட்டுவிட்டார். கப்பை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். மூவரும் மழை விடும்வரை அங்கேயே இருந்தோம்.

திரும்பும்போது பொழுதுபட்டுவிட்டது. நான் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

"இஞ்சருங்கோ," என்றார் அண்ணி. "திங்கட்கிழமை அந்தக் கவுன்சில் பொம்பிளைக்குப் போன் எடுங்கோ."

"என்னெண்டு சொல்ல?"

"வரச் சொல்லுங்கோ. எனக்குக் கொஞ்ச நாள் செல்லும் எண்டதையும் ஒளிக்காமல் சொல்லிப் போடுங்கோ."

அண்ணை ஓம் என்றார். நான் மூடிய கண்ணைத் திறக்காமலே அழுதேன்.