கசெற்றுக்குள் இருந்த அம்மா

சூடேறிய தகரமும், ஜெனரேற்றர் புகையும், வறுத்த "கச்சான்" கடலையும் கலந்த ஒரு மணம் உண்டு. ஒன்பது வயதில் எனக்குச் சினிமா என்றால் அந்த மணம்தான். வாவிக்கரையில் இருந்த எங்கள் ஊருக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. சந்தியில் ஒருவர் தகரக் கொட்டில் ஒன்றை அடித்து, ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ "டெக்" ஒன்றையும் வைத்துச் சனிக்கிழமை பின்னேரங்களில் படம் போடுவார். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை, ஊருக்கு அவர் "படக்காரர்". வெளிச்சம் உள்ளே வந்தால் படம் தெரியாது என்று கதவைச் சாத்தினார் என்றால், முடியும்வரை யாருக்கும் திறக்கமாட்டார். வேர்த்து விறுவிறுத்து, மூச்சு முட்ட, ஒருவர் மடியில் ஒருவராக உள்ளே இருப்போம்.

அப்படி ஒரு சனிக்கிழமை, வெள்ளைக்காரர் தமிழ் பேசும் படம் ஒன்று ஓடியது. மனைவியைப் பறிகொடுத்த ஒரு விஞ்ஞானி, அவளுடைய முகத்தோடும் குரலோடும் ஓர் இயந்திரப் பெண்ணைச் செய்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அவள் சமைக்கிறாள், துவைக்கிறாள், கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் தூக்குகிறாள், எதைச் சொன்னாலும் செய்கிறாள். அந்த வீட்டுச் சிறுமிக்கு அவள்மேல் சந்தேகம் வந்து, மழைக்குள் போய் நில் என்கிறாள். போதும் என்று சொல்லாததால் அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். சரியாக அந்த இடத்தில் ஜெனரேற்றருக்கு எண்ணெய் தீர்ந்து போயிற்று. மிச்சத்தை அடுத்த கிழமை போடுவதாகப் படக்காரர் சொன்னார், ஆனால் அதற்குள் கசெற் மட்டக்களப்புக் கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. முடிவு தெரியாமல் நாங்கள் ஆளுக்கொரு முடிவைச் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டு திரிந்தோம்.

மூன்று கிழமை கழித்து என் அம்மா வந்தார்.

என் அப்பா, சண்டைக் காலத்தில் விறகு வெட்டப் போய்த் திரும்பி வராத பலரில் ஒருவர். எனக்கு ஐந்து வயதில் அம்மா என்னைத் தங்கையிடம், அதாவது என் சின்னம்மாவிடம், ஒப்படைத்துவிட்டு அரபு நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போனார். எழுதுவது அவருக்குக் கைவராது. அதனால் குரலைக் கசெற்றில் பதிந்து, "லீவில்" வருகிற ஊர்க்காரரிடம் கொடுத்துவிடுவார். நாலு வருடமாக எனக்கு அம்மா என்றால் சின்னம்மாவின் ரேடியோப் பெட்டியில் இருந்து வருகிற குரல்தான். அந்தக் குரல் சிரிக்கும், பாதியில் பாட்டை மறந்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்ளும், கோழிக்குத் தீன் போட்டாயா என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் பதில் சொன்னேன். நாடா தேய்ந்து குரல் இழுபட்டபோதும் சொன்னேன். அந்த அம்மாவில் எனக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

வந்த அம்மாவிடம்தான் எல்லாமே பிழையாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. கேள்வி எதுவும் கேட்கவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னாலும் குசினியில் அடுப்பு மூலையில் குந்தியிருந்து நாலு வாயில் சோற்றை விழுங்கிவிட்டு எழும்பிவிடுவார். பாண் விற்க வருகிறவரின் சைக்கிள் மணி கேட்டால், படுத்திருந்தவர் துள்ளி எழுந்து கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். குளிக்கப் போகட்டுமா என்று தன் தங்கையிடம் கேட்பார். ஒருநாள் சின்னம்மா ஏதோ வேலை சொல்ல, "சரி மேடம்" என்று சொல்லிவிட்டார். சின்னம்மா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. படலையைத் தாண்டி ஒருநாள்கூட அவர் வெளியே போகவில்லை. பிறகு ஒரு காலையில், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப்பானையை அவர் வெறுங்கையால் இறக்கி வைத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அத்தோடு எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் அம்மாவை அங்கேயே வைத்துக்கொண்டு, அவருடைய முகத்தோடு வேறொன்றை அனுப்பியிருக்கிறார்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அதற்குத் தெரிந்துவிடும் என்று பயம். ஒரே வீட்டுக்குள் அதோடு படுத்து எழும்புவது கதவு சாத்திய அந்தக் கொட்டிலுக்குள் இருப்பதுபோல மூச்சை அடைத்தது. அவரை அம்மா என்று கூப்பிடாமலே ஒரு மாதத்துக்குமேல் கடத்தினேன். கூப்பிடுவேனா என்று அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இப்போது விளங்குகிறது. அப்போது அதுவும் ஒரு அத்தாட்சியாகத்தான் பட்டது.

சின்னம்மா செங்கலடிச் சந்தைக்குப் போன ஒரு சனிக்கிழமை, முழுதாகச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். உள்ளறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவரிடம், நான் வரும்வரை வெளியே வரக்கூடாது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கதவைச் சாத்தி வெளியே "கொண்டியை" மாட்டினேன். மனிசர் என்றால் தட்டுவார்கள், கத்துவார்கள், குறைந்தது ஏன் என்றாவது கேட்பார்கள். கதவில் காதை வைத்து எவ்வளவோ நேரம் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. பயம் பிடித்துக்கொண்டது. திறக்கவும் துணிவில்லை, அங்கே நிற்கவும் துணிவில்லை. வாவிக்கரைக்கு ஓடிப்போய், இறால் அரிக்கிற பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டேன். வெயில் சாயும்வரை வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

நான் வந்தபோது சின்னம்மாவும் சந்தையால் வந்து பையை இறக்கிக்கொண்டிருந்தார். அக்கா எங்கே என்று கேட்டார். நான் கதவைக் காட்டினேன். கொண்டியைக் கழற்றித் திறந்தால், மடித்த உடுப்பெல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. அம்மா நிலத்தில் முழங்கால் குத்தி, தன் சேலைத் தலைப்பால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடக்க முடியாமல் அங்கேயே சிறுநீர் போயிருந்தது. எங்களைக் கண்டதும் நனைந்த சேலையைச் சுருட்டிப் பின்னால் மறைத்தார்.

"என்னக்கா இது, கதவத் தட்டியிருக்கலாமே" என்றார் சின்னம்மா.

"தட்டினா இன்னும் கூட நேரம் பூட்டி வெப்பாங்க" என்றார் அம்மா.

அதைச் சொன்ன பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். நானும் அழுதேன். "அம்மா" என்று எத்தனை தடவை கத்தினேன் என்று தெரியாது. அவருடைய கையைப் பிடித்தபோது விரல் நுனிகள் உரிந்து, காய்த்து, மரத்துப் போயிருந்தன. நாலு வருடம் சலவைக் காரத் தண்ணீரிலும் இஸ்திரிப் பெட்டியிலும் கிடந்த கைக்குச் சூடு எங்கே தெரியப்போகிறது? சின்னம்மா ஈர்க்குப் பிடியை எடுத்து எனக்கு நாலு போட்டார். இன்னும் நாலு போட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து நான் அம்மாவை விட்டு விலகவில்லை. ஆனால் அவருடைய இரண்டு மாத லீவில் ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது. பாதியில் நிற்கிற வீட்டுக்குக் கூரை போடவேண்டும், நான் படிக்கவேண்டும், இன்னும் இரண்டே வருடம் போய்விட்டு வா என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். மாமாமார் சொன்னார்கள், "ஏஜென்சிக்காரர்" வீடு தேடி வந்து சொன்னார், சின்னம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். எல்லாருக்கும் அம்மா தலையை ஆட்டினார்.

செங்கலடிச் சந்தியில் கொழும்பு பஸ் வந்து நின்றது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "போகாதீங்கம்மா, இங்கயே நில்லுங்க" என்றேன். இரண்டு மாதமாக நான் சொன்ன எதையும் அவர் மறுத்ததில்லை. நிற்கச் சொன்னால் நின்றார், இருக்கச் சொன்னால் இருந்தார். அதனால் இதையும் கேட்பார் என்று உண்மையாகவே நம்பினேன். அவர் குனிந்து, சேலையில் இருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பஸ்ஸில் ஏறிப் போனார். என் சொல்லை அவர் கேட்காத ஒரே நாள் அதுதான். இரண்டு வருடம் என்றது ஐந்து வருடமாகிப் போனது.

இப்போது நான் வந்தாறுமூலையில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறேன். இயந்திரம் மனிதனாகிற கதைகளைக் கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிட்டு வந்து, அதற்கு உணர்ச்சி வருமா, உயிர் இருக்குமா என்று என்னிடம் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். மனிசரை இயந்திரமாக்க எவ்வளவு காலம் எடுக்கும் என்று இதுவரை ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்டால் நாலு வருடம் போதும் என்று சொல்வேன். படக்காரரின் கொட்டில் நின்ற இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிற கடை இருக்கிறது. ரேடியோப் பெட்டி வெள்ளத்தோடு போயிற்று. கசெற்றுகள் பூஞ்சணம் பிடித்து ஒட்டிப்போய், எதிலும் ஓடாமல் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கின்றன. அம்மாவின் அந்தச் சிரிப்பு இனி எந்த இடத்திலும் இல்லை.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். பேசுவார், ஆனால் கொஞ்சம்தான். போன மாதம் மீன் கழுவிக்கொண்டிருந்தவரிடம், இத்தனை வருடம் தொண்டைக்குள் வைத்திருந்ததைக் கேட்டே விட்டேன். அன்றைக்குப் பஸ்ஸடியில் நான் அவ்வளவு சொல்லியும் ஏன் போனீர்கள் என்று கேட்டேன். அவர் கையைக் கழுவி, சேலையில் துடைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் போகச் சொன்னாங்க புள்ள. நிக்கச் சொன்னது நீ ஒராள்தான். அத வெச்சித்தான் அங்க அஞ்சு வருசம் இருந்தன்."